கழிவு போகாத நிறை

நீர்வேலியில் சிவகௌரி வீட்டு அலுமாரியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சேலை அல்ல, கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பெரிய தாள். நகைக்கடைக் கலண்டர் ஒன்றின் பின்பக்கம் அது. அடிமட்டம் பிடித்து நடுவே ஒரு கோடு கீறியிருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தேனுசா, அந்தப் பக்கம் அபிசன். இரட்டைப் பிள்ளைகள். பதினொரு நிமிடம் முந்திப் பிறந்ததால் தேனுசா அக்கா. இரண்டு வயதுகூட நிரம்பாமலே அந்தப் பதவியை அவள் ஒரு குறையுமில்லாமல் நடத்திக்கொண்டிருந்தாள்.

தேனுசாவின் பக்கம் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. எந்த வருடம் முன்பள்ளி, எந்த வருடம் முதலாம் ஆண்டு, சாதாரண தரம் எப்போது, உயர்தரம் எப்போது, அவள் படிக்கிற வயதில் கிணற்றடிப் பக்கம் ஓர் அறை கூட்டுவது எப்போது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரியில் மட்டும் ‘அதற்குப் பிறகு அவளின் விருப்பம்’ என்று எழுதியிருந்தாள்.

“இஞ்சரும், இவளின்ரை கலியாணத்துக்கு எத்தினை குலை வாழைக்காய் வேணும் எண்டதையும் எழுதிவிடும். நான் இப்பவே வாழைக்குட்டி வைக்கிறன்” என்பான் வாழைத் தோட்டம் செய்கிற கணவன் யதுசன்.

“கடைசி வரியை வாசிச்சியளோ? இல்லாட்டி வாழைக் கணக்கைத் தவிர வேறை ஒண்டும் வாசிக்கிறேல்லையோ?”

அபிசனின் பக்கத்தில் இரண்டே வரிகள். ‘10 கிலோ’ என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு இழுத்திருந்தாள். அதன் கீழே ‘ஒப்பரேசன்’. அதற்குக் கீழே வெறும் தாள். யதுசன் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பகிடி விடுவதில்லை.

அபிசன் பிறந்தபோதே இருதயத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டார்கள். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கும். நாலடி ஓடினால் நின்று மூச்சு வாங்குவான். அவன் மூச்சு வாங்கும் நேரத்தில் தேனுசாவும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பாள், தனக்கும் களைத்துவிட்டதுபோல. அடைத்துவிடலாம், பயமில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். சித்திரை மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு சத்திரசிகிச்சைக் குழு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறது. அன்றைக்குப் பிள்ளை பத்துக் கிலோ இருந்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த குழு ஒரு வருடத்துக்குப் பிறகு. “ஒரு வருசம் சுணங்காமல் இருந்தால் நல்லது” என்றும் சொன்னார். டொக்டர்மார் அப்படி மெதுவாகச் சொன்னால் அதன் அர்த்தம் என்னவென்று சிவகௌரிக்கு விளங்கும்.

தை மாதக் கிளினிக்கில் மிட்வைஃப் பராசக்தி அக்கா நிறுத்தபோது அவன் ஒன்பது கிலோ நானூறு. இன்னும் அறுநூறு கிராம், மூன்று மாதம். கணக்குச் சரியாக வரும் என்று சிவகௌரி நினைத்தாள்.

மாசி பிறந்ததும் வீட்டுக்கு அம்மாள் வந்துவிட்டாள். முதலில் அபிசனுக்குக் கொப்புளிப்பான் அம்மை. வாசற் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. அவனுக்குத் தண்ணீர் வார்த்து மூச்சு விடுவதற்குள் தேனுசாவுக்கு. தம்பிக்கு வந்த எதையும் அவள் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இரண்டு மாதக் கிளினிக்கும் தவறிப்போயின. மற்றப் பிள்ளைகள் கூடுகிற இடத்துக்கு இதுகளைக் கொண்டு போகவும் முடியாது.

“அதுக்கென்ன, எங்களிட்டைத் தராசு இருக்குத்தானே” என்றான் யதுசன்.

இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாழைக்குலை நிறுக்கிற கொட்டில். அதன் கூரை வளையில் ஒரு வட்டத் தராசு தொங்கியது. சந்தைக்குப் போகுமுன் ஒவ்வொரு குலையையும் அதில் கொழுவி, தன் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் யதுசன் புறப்படுவான். அப்படி எழுதுவதால் சந்தையில் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது வேறு கதை. சந்தை வழக்கம் அப்படி. நூறு கிலோ நிறுத்தால் வியாபாரி தொண்ணூறு என்றுதான் எழுதுவார். மிச்சம் பத்தும் கழிவு. தண்டுக்கு என்பார்கள், வாடலுக்கு என்பார்கள், வழியில் நசிகிறதுக்கு என்பார்கள். யதுசன் பதினாறு வயதில் தகப்பனோடு சந்தைக்குப் போகத் தொடங்கியவன். செல்வரட்ணம் என்கிற வியாபாரியோடு கிழமைக்குக் கிழமை அதற்காகச் சண்டை பிடிப்பான். கிழமைக்குக் கிழமை தோற்றுப்போய் வருவான். கடைசியில் ஏமாற்றம் வேண்டாம் என்று வீட்டிலேயே கழிவைக் கழித்துவிட்டு எழுதிக்கொண்டு போகப் பழகிவிட்டான்.

மாசி நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அபிசனை முதல்முறையாகக் கொட்டிலில் நிறுத்தார்கள். சிவகௌரியின் பழைய நூல் சேலையை ஏணைபோலக் கட்டித் தராசில் கொழுவினான் யதுசன். துணியின் பாரம் சேராமல் முள்ளைத் திருப்பி வைத்தான். அபிசன் அதை ஊஞ்சல் என்று நினைத்துக் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். சிவகௌரி இரண்டு கைகளையும் ஏணைக்குக் கீழே ஏந்திக்கொண்டு பிள்ளையையே பார்த்தபடி நின்றாள். முள் யதுசனின் பக்கம் இருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான், உதடு அசைந்தது, கொப்பியில் எழுதினான்.

“எவ்வளவப்பா?”

“எட்டே முந்நூற்றி எழுவது.”

தையில் ஒன்பதே நானூறு. ஒரு கிலோ கரைந்துபோயிற்று. தேனுசாவை நிறுத்தால் அவளும் குறைந்துதான் இருந்தாள். வேப்பிலைப் படலைக்கு வெளியே நின்று பராசக்தி அக்கா விசாரித்தார்.

“அம்மாள் வந்த பிள்ளையள் ஒரு கிலோ இறங்கிறது புதினமில்லை, சிவகௌரி. அழுதுகொண்டு நில்லாமல் தீத்துற வேலையைப் பாரும்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துவதே வேலை. காலையில் நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி. பத்து மணிக்கு முட்டை. மத்தியானம் சோற்றோடு சூடை மீன், முள் எடுத்துப் பிசைந்து. பின்னேரம் தோட்டத்துக் கப்பல் வாழைப்பழம். அபிசனுக்கு ஒரு வாய் ஊட்ட மூன்று வாய்க்கு நாடகம் போட வேண்டும். யதுசன் மாடு மாதிரிக் கத்த வேண்டும். தேனுசா தலையில் கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டு சுற்ற வேண்டும். களியை அவன் தகப்பனின் முகத்தில் துப்பிவிட்டுச் சிரிக்கிற நேரத்தில் சிவகௌரி அடுத்த வாயை உள்ளே தள்ளிவிடுவாள். மூன்று பேர் சேர்ந்து ஒருவனை ஏமாற்றுகிற அந்தச் சாப்பாட்டு நேரங்களில் பத்துக் கிலோ அவளுக்கு மறந்தே போகும். பிறகு வெள்ளிக்கிழமை வரும்.

எட்டே நானூற்றி ஐம்பது. எட்டே ஐந்நூற்றி ஐம்பது. கூடத்தான் செய்தது, ஆனால் நத்தை மாதிரி. கடைசி வெள்ளிக்கு ஒன்பதைத் தாண்டினால் பெரிய காரியம் என்று அவளுடைய கணக்குச் சொன்னது.

ஆனால் கண் வேறொன்று சொன்னது. காற்சட்டையின் ரப்பர் அவன் இடுப்பில் சிவப்பாகத் தழும்பு போட்டது. ‘தோய்ச்சுத் தோய்ச்சுச் சுருங்கிப்போச்சு’ என்று நினைத்தாள். தூக்கி வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் அவளுக்குத் தோள் உளைந்தது. ‘நித்திரை முழிச்சு முழிச்சு நான்தான் இளைச்சுப்போனன்’ என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “பெடியன் நல்லாத் தேறிட்டான்” என்று சொன்னபோது, அன்று பின்னேரமே செத்தல் மிளகாய் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். கொப்பியில் இருப்பதை மட்டுமே அவள் நம்பினாள். எதையும் எழுதி வைத்து நம்புகிற பெண் அவள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. காலையிலேயே கொட்டிலில் நிறுத்தார்கள்.

“ஒன்பதே நூற்றி எண்பது” என்றான் யதுசன். கொப்பியை மூடினான்.

சிவகௌரி பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கினாள். இரண்டரை மாதம் மூன்று பேர் மாடாகவும் கூத்தாடியாகவும் உழைத்து, தையில் இருந்த இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை.

“போகத்தான் வேணுமோ?” என்றான் யதுசன். “அங்கை போய் எல்லாற்றை முன்னாலையும் இல்லையெண்டு கேக்கிறதுக்கோ?”

“போறம். இல்லையெண்டாலும் அவையின்ரை வாயாலை சொல்லட்டும்.”

அவன் சிறிது நேரம் தலையைச் சொறிந்தான். “அப்பிடியெண்டால் ஒரு யோசினை. போற வழியிலை ரெண்டு போத்தில் பால் பருக்குவம். அதிலை அரைக் கிலோ வரும். மிச்சத்துக்குக் காற்சட்டைப் பொக்கற்றுக்கை ரெண்டு இரும்பு நட்டு…”

“என்ன கதை கதைக்கிறியள்? இது குலைக்குத் தண்ணி அடிச்சுக்கொண்டு சந்தைக்குப் போறதே? நிறையைப் பாத்துத்தான் மயக்க மருந்து அளந்து குடுக்கிறவை. பொய் நிறையைக் காட்டிப்போட்டு என்ரை பிள்ளையை ஒப்பரேசன் மேசையிலை கிடத்துறதோ?”

“சும்மா சொன்னனான்” என்றான் யதுசன். ஓட்டோ வந்தது.

ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. எல்லா மடியிலும் ஒரு பிள்ளை. நிறுக்கிற மேசையில் இருந்த தாதி முகம் பார்த்துச் சிரிக்கிற ஆள். வரிசை நகர்ந்து அவர்களுடைய முறை வந்ததும், பிள்ளையைக் கொடுக்குமுன்னரே சிவகௌரி சொல்லிவிட்டாள்.

“மிஸ்ஸி, முதலே சொல்லுறன். பத்து இல்லை. கொப்புளிப்பான் வந்து கரைஞ்சு போனான். ஒன்பதே நூற்றி எண்பதுதான். எப்பிடியாவது டொக்டரோடை ஒருக்காக் கதைச்சுப் பாக்க விடுங்கோ.”

“முதலிலை நிறுப்பமே அம்மா. உடுப்பைக் கழட்டுங்கோ.”

அபிசனை மேசைத் தராசில் இருத்தினார்கள். சிவப்பு எழுத்துகள் கொஞ்சம் ஓடி நின்றன.

“பத்தே நூற்றி ஐம்பது” என்று சொல்லிக்கொண்டு தாதி பேனையை எடுத்தார்.

“பொறுங்கோ மிஸ்ஸி. எழுதாதேங்கோ. உங்கடை தராசு பிழை.”

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. தாதி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பன்ரெண்டு வருசமா இந்த மேசையிலை இருக்கிறன். நிறை காணாது, தராசு பிழை எண்டு சண்டைக்கு வந்த தாய்மார் கனபேர். கூடிப்போச்சு எண்டு சண்டைக்கு வந்த ஆள் நீங்கள்தான்.”

“பொய் நிறைக்கு மருந்து ஏத்திப்போடுவியள் மிஸ்ஸி. வேறை தராசிலை ஒருக்கா வைச்சுப் பாருங்கோ.”

வேறு தராசு வந்தது. பத்தே நூற்றி ஐம்பது. சிவகௌரி விடவில்லை. தேனுசாவைத் தூக்கி வைத்தாள். பன்னிரண்டே நூறு. பையிலிருந்து யதுசனின் கொப்பியை இழுத்தெடுத்து விரித்துக் காட்டினாள். அதில் அன்று காலைத் திகதியில் தேனுசாவுக்குப் பத்தே எண்ணூற்றித் தொண்ணூறு.

“பாருங்கோ. ரெண்டு பிள்ளையும் ஒரு காலமையிலை ஒவ்வொரு கிலோ கூடுமோ?”

தாதி கொப்பியைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பிறகு யதுசனைப் பார்த்தார். யதுசன் முகட்டில் சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அந்தக் காதுகள் சிவந்தால் என்ன அர்த்தம் என்று சிவகௌரிக்குத் தெரியும்.

“இஞ்சருங்கோப்பா. காலமை முள்ளு எதிலை நிண்டது?”

“பத்தே இருநூறிலை. உடுப்போடை.”

“கொப்பியிலை?”

“ஒன்பதே நூற்றி எண்பது.”

“மிச்சம் எங்கை?”

“அது… கழிவு.”

“என்ன கழிவு?”

“கழிவுதான். பத்துக்கு ஒண்டு.”

சிவகௌரி கொப்பியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பிள்ளைக்கு ஆர் கழிவு கழிக்கிறது?”

“நிறுத்தால் கழிக்கிறதுதானே” என்றான் யதுசன். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது. குரல் இறங்கிற்று. “தராசு சொல்லுறது ஒருநாளும் கைக்கு வந்து சேர்ந்ததில்லை, கௌரி. அந்தக் கொப்பியைத் திறந்தால் கை தன்ரை பாட்டிலை கழிச்சுப்போட்டுத்தான் எழுதும். நான் கழிக்கிறன் எண்டே எனக்குத் தெரியேல்லை. தெரியேல்லையப்பா.”

தாதி கரவெட்டிக்காரி. தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பத்துக்கு ஒன்று என்றதுமே அவருக்கு விளங்கிவிட்டது. மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார்.

“தண்டுக்கோ அண்ணை கழிச்சனீங்கள், வாடலுக்கோ?”

வரிசையில் இருந்த தோட்டக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். விளங்காதவர்களுக்கு விளங்கியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. சிவகௌரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் பறித்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். மாசியில் எட்டே முந்நூற்றி எழுபது இல்லை, ஒன்பதே முந்நூறு. கொப்புளிப்பான் கொண்டுபோனது நூறு கிராம் மட்டுமே. பங்குனி முடியுமுன்னரே பிள்ளை தை மாதத்தைத் தாண்டிவிட்டான். இறுகிய காற்சட்டை, உளைந்த தோள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவளின் பேச்சு, எல்லாம் உண்மை. அவளுடைய களியும் முட்டையும் சூடை மீனும் ஒன்றுகூட வீண் போகவில்லை.

“மிஸ்ஸி, இப்ப எழுதுங்கோ” என்றாள். “பத்தே நூற்றி ஐம்பது. ஒரு கிராமும் குறையாமல் எழுதுங்கோ.”

தாதி எழுதினார். சிவகௌரி உடுப்பில்லாத பிள்ளையை அப்படியே தலைக்கு மேலே தூக்கினாள். தோள் உளைந்தது. அந்த உளைவு அவளுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அபிசன் மேலேயிருந்து கைகளை ஆட்டினான். கீழே நின்ற தேனுசா, “நானும்! நானும்!” என்று தகப்பனின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

அன்று பின்னேரமே பட்டியலில் பெயர் ஏறியது. ஐந்தாம் நாள் ஒப்பரேசன். நாலரை மணித்தியாலம் கதவுக்கு வெளியே இருந்தார்கள். அந்த நேரத்தில் யதுசன் எழும்பி எழும்பி நடந்தான்; சிவகௌரி கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி அறுத்தே விட்டாள். கதவைத் திறந்துகொண்டு வந்த டொக்டர் முகமூடியை இறக்கிச் சிரித்தபோது, என்ன சொன்னார் என்று இருவருக்கும் முழுதாகக் காதில் விழவில்லை. அந்தச் சிரிப்பு முழுதாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை யதுசன் சந்தைக்குப் போனான். கதை அவனுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.

“வாரும் வாரும்” என்றார் செல்வரட்ணம். “பெத்த பெடியனுக்கே கழிவு வெட்டின ஆளெல்லோ நீர்! உம்மாலை எனக்குத்தானப்பா கெட்ட பேர். என்ரை மனுசி மூண்டு நாளா என்னோடை முகங்குடுத்துக் கதைக்கிறாளில்லை. கொண்டு வாரும் குலையை. இண்டைக்கு முழு நிறை. பெடியன்ரை பேராலை. வாற கிழமை பழையபடிதான், சொல்லிப்போட்டன்.”

அடுத்த கிழமை செல்வரட்ணம் பழையபடி பத்து என்றபோது யதுசன் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் குலைகளை இறக்காமல் நின்றார்கள். பத்து ஐந்தானது. அதற்குக் கீழே செல்வரட்ணம் இறங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, “பாதியை வெண்டுட்டன்” என்று யதுசன் சொன்ன விதத்தைப் பார்த்தால் முழுவதையும் வென்றவன்போல இருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி கொட்டிலில் ஏணை கட்டினார்கள். தராசை இப்போது சிவகௌரியின் பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருந்தார்கள். அபிசனைப் பிடித்துக் கொண்டுவரவே கால் மணித்தியாலம் ஆயிற்று. வாழை வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் சேறு தெறிக்க அவன் ஓடினான். நின்று மூச்சு வாங்கவில்லை. பின்னால் துரத்திய தேனுசாதான் முதலில் களைத்துப்போய்க் குந்தினாள். கொஞ்சத் தூரம் ஓடியவன் அதைக் கண்டு திரும்பி வந்து, அவளுக்குப் பக்கத்தில் தானும் குந்தினான். யதுசன் இருவரையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தான்.

“பதினொண்டே அறுநூறு!” என்று சிவகௌரி கூவினாள். அயலுக்கெல்லாம் கேட்டிருக்கும். யதுசன் எழுதியதை எட்டிப் பார்த்தாள். பதினொன்றே அறுநூறு.

கை கழுவிக்கொண்டு அவள் அலுமாரியைத் திறந்தாள். அடிமட்டமும் பேனையும் எடுத்தாள். ‘10 கிலோ’வுக்கு ஒரு சரி, ‘ஒப்பரேசனு’க்கு ஒரு சரி. பிறகு அந்த வெறும் தாளில் முன்பள்ளி, முதலாம் ஆண்டு, சாதாரண தரம் என்று வரி வரியாக இறங்கினாள். கிணற்றடிப் பக்கத்து அறையை இரண்டு அறையாக மாற்றினாள். ‘அதற்குப் பிறகு அவனின் விருப்பம்’ என்று முடித்தபோது தாளின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன.

யதுசன் சேற்றுக் காலோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இஞ்சரும், இவன்ரை கலியாணத்துக்கு எத்தினை குலை வேணும் எண்டு சொல்லும்.”

முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் பற்றி அவன் பகிடி விடுகிறான். சிவகௌரி திரும்பாமலே சொன்னாள்.

“நூறு. ஆனால் நீங்கள் நூற்றிப் பதினொரு குட்டி வையுங்கோ. உங்கடை கையை நம்பேலாது.”